வருமானம் விசாரிக்க வந்தவர்

நான் ஏழை என்று எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடமாட்டேன். சபதம். திருவரங்குளம் டீக்கடையில் வைத்துச் சொன்னேன். பேப்பரில் போட்ட மாதிரிதான்.

விஷயம் என் இடது முழங்கால். தேய்ந்துவிட்டது. மூட்டு மாற்றாவிட்டால் படுக்கைதான் என்றார் டாக்டர். கொல்லைப்பக்கம் போகவே அரைமணி நேரம். திரும்பி வர இன்னொரு அரைமணி.

என் வீட்டுக்காரி அமிர்தவல்லி ஆரம்பித்தாள்.

"காப்பீட்டு அட்டை எடுத்தா ஆபரேசன் இலவசங்க. வருமானச் சான்றிதழ் ஒண்ணு வாங்கணும்."

"வருமானம் கம்மின்னு எழுதித் தரணுமா? நானா?"

"கம்மிதானே?"

"யாருடி சொன்னது?"

"அரிசிப்பானை சொல்லுது."

"ஆத்மநாதன் யாருகிட்டயும் கையை நீட்டினதில்ல!"

"கையை யாரு கேட்டா? காலை நீட்டுங்க போதும்."

முடியாது என்றேன். பேசாமல் எழுந்து போய்விட்டாள். முப்பத்தெட்டு வருசத்தில் அவள் பேசாமல் போனது அன்றைக்குத்தான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"ஏங்க, வி.ஏ.ஓ. முத்துராமன் வாராரு! டீக்கடையில நீங்க அளந்துவிட்டதெல்லாம் அவரு காதுக்குப் போயிருச்சாம். முந்திரிக்காடு, மூணு மாடுன்னு சொன்னீங்கல்ல? வரி போடப் போறாங்களாம்!"

"வரியா? எனக்கா?"

வி.ஏ.ஓ. வந்தார். நான் வாயைத் திறந்தேன். மூடவில்லை.

"சார், இருக்கிறது அரை ஏக்கர் மானாவாரி. கடலை போட்டா மயிலு திங்குது. மாடு ஒண்ணு இருக்கு, பாலு இல்ல. மேல ஓட்டைப் பாருங்க. ஓட்டையையும் பாருங்க. மகன் குளத்தூர்ல இருக்கான். போன் பண்ணுவான். 'அப்பா, ரீசார்ஜ் பண்ணிவிடு'ம்பான்."

எழுதிக்கொண்டே இருந்தார். தாளை நீட்டினார். வரி தப்பிய சந்தோஷத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அவர் போன பிறகுதான் உறைத்தது. சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

சான்றிதழ் வந்ததை அவள் சொல்லவில்லை. கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய்ப் போட்டோ எடுக்க வைத்தாள்.

"எதுக்குடி?"

"வரி இல்லாதவங்களப் படம் புடிக்கிறாங்க."

ஆபரேசனுக்குப் பணம் புரட்டிவிட்டேன் என்றாள்; நம்பிப் போனேன். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்த பிறகுதான் நர்ஸ் கையில் அட்டையைப் பார்த்தேன். காப்பீட்டு அட்டை. அதில் என் முகம். கத்த வாயெடுத்தேன். அதற்குள் முதுகில் ஊசி போட்டுவிட்டார்கள்.

பத்து பைசா கேட்கவில்லை. இப்போது சிவன் கோயில் வரைக்கும் தடியில்லாமல் நடக்கிறேன். அட்டை கொடுத்த அரசாங்கத்துக்கும், அறுத்துத் தைத்த டாக்டருக்கும், பொறுமையாக எழுதிய முத்துராமனுக்கும் நன்றி. எனக்கு இதெல்லாம் சொல்ல வராது. சொல்லிவிட்டேன்.

அமிர்தவல்லியிடமும் சொன்னேன். மெதுவாகத்தான். அவள் சிரித்தாள்.

"காலு இப்ப நல்லா நடக்குதா?"

"நடக்கிறதா? ஓடும்டி!"

பையையும் ரேசன் கார்டையும் என் கையில் திணித்தாள்.

"அப்ப ஓடுங்க. இன்னைக்குப் பருப்பு போடுறாங்க."

ஓடினேன்.