காரின் தலையில் நின்ற போர்டு

அக்கா பெற்ற அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். நம் டிரைவிங் ஸ்கூல் காரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும்.

போன மாதம் நீ வந்திருந்தபோது, கார் கம்பெனியில் காரைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று சோதனை பார்க்கிற பெண் ஆயிற்றே என்று, உன்னைப் பெருமையாக ஏற்றிக்கொண்டு ஹைவேயில் ஒரு சுற்றுப் போனேன். இறங்கியதும் நீ கூரைமேல் நிமிர்ந்து நின்ற ஸ்கூல் போர்டைப் பார்த்து, "மாமா, நீங்க எங்க கார் ஓட்டுறீங்க? பலகையை வச்சுக் காத்தைத் தள்ளிட்டுப் போறீங்க. வேகம் ரெண்டு மடங்கானா காத்து நாலு மடங்கு தடுக்கும். அதுக்கும் சேர்த்துத்தான் பெட்ரோல் ஊத்துறீங்க" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷமாகக் காற்றுக்குப் பெட்ரோல் ஊற்றியிருக்கிறேன். மறுநாளே கழற்றி ஷெட்டில் சாத்திவிட்டேன்.

முதலில் மாட்டிக்கொண்டவர் நம் தையற்காரம்மா. லைசென்ஸ் தேர்வில் நான்கு முறை தோற்றவர். யாராவது ஹாரன் அடித்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அழுவார். ஐந்தாவது தேர்வுக்கு ஹைவேயில் ஒரு மணி நேரம் போக வேண்டும். முன்பெல்லாம் போர்டைக் கண்டாலே மற்ற வண்டிகள் பத்தடி தள்ளிப் போகும், இப்போது கண்ணாடியில் ஒட்டிய சின்னச் சிவப்பு 'எல்' எழுத்தை யார் பார்க்கிறார்கள், பின்னால் ஹாரன், பக்கத்தில் ஹாரன், என் பக்கத்துப் பிரேக்கை மிதித்து மிதித்துச் செருப்பு வார் அறுந்தே போச்சு. ஒரு லாரிக்காரர் ஜன்னலை ஒட்டி வந்து, "ஏம்மா, இத்தனை வருஷமா ஓட்டுறீங்க, வழி விடத் தெரியாதா?" என்று கத்தினார். நான் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன். தையற்காரம்மாவோ என் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா சார், நான் இத்தனை வருஷமா ஓட்டுறேனாம்" என்றார்.

"ரோட்டைப் பாருங்கம்மா."

அதற்கப்புறம் அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. தேர்வு மைதானத்தில் வளைவைத் துணி வெட்டுகிற மாதிரி சுளுவாக வளைத்து வந்து கோட்டில் நிறுத்தினார். பாஸான தாளை என்னிடம் நீட்டி, "நீங்களே வச்சிருங்க சார், நான் வண்டி ஓட்டணும்" என்றார்.

பெட்ரோலும் அப்படித்தான். வாராவாரம் நிரப்புகிற டேங்கில் மூன்று வாரமாகியும் பாதி மிச்சம். பெட்ரோல் பங்க்காரர் வழியில் பார்த்து, "உடம்புக்கு முடியலையா சார்?" என்று விசாரிக்கிறார். ஒரே ஒரு சொல்லில் என் தொழிலையும் ஓர் அம்மாவின் தைரியத்தையும் தூக்கி நிறுத்தினாய் தாயி. இந்த நன்றி என் மனதை விட்டுப் போகாது. நீ தொட்ட வண்டிக்கெல்லாம் காற்று வழிவிடட்டும். நீங்கள் இருவரும் நிறைவாக வாழுங்கள்.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: கவரை ஒட்டும்முன் உன் அத்தை இதைப் படித்தாள். "மூணு வாரத்துல புதுசா எத்தனை பேர் சேர்ந்தாங்க?" என்றாள். ஒருவரும் இல்லை. போர்டைக் காணாமல், நான் ஸ்கூலை மூடிவிட்டதாகத் தெருவெல்லாம் பேச்சாம். தையற்காரம்மா பாஸான நாளிலிருந்து கார் ஷெட்டைவிட்டு அசையவில்லை. பிறகு பெட்ரோல் எப்படித் தீரும்? நாளை போர்டை மாட்டிவிடுகிறேன். உனக்காகப் படுக்கவைத்து மாட்டலாமா என்றும் பார்த்தேன். மேலிருந்து படிக்கிற காக்கைகள்தான் ஸ்கூலில் வந்து சேரும்.