நாற்காலியில் ஒட்டிய வார்த்தை

மூத்த அண்ணன் அவர்களுக்கு,

தங்கச்சி எழுதுறது. நீங்களும் அண்ணியும் நல்லபடியா இருக்கணும், அண்ணிக்கு முழங்கால் வலி குறைஞ்சிருக்கணும். நானும் நல்லா இருக்கேன்னு எழுதறதுதான் மரியாதை, அதனால எழுதிட்டேன். இனி நடந்ததை எழுதுறேன். உட்கார்ந்துக்கிட்டுப் படிங்க.

உங்க மச்சான் போன துக்கத்துக்கு எல்லாரும் பழம் வாங்கிட்டு வந்தாங்க. நீங்க மட்டும் செங்கல் கனத்துல ஒரு இங்கிலீஷ் வார்த்தைப் புஸ்தகம் என் மகளுக்குன்னு வாங்கிட்டு வந்தீங்க. "மூலையில உட்காராதே பாப்பா, இதை மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுது, வெளிநாடு போய்ப் படி"ன்னு சொல்லிட்டு, டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிட்டீங்க. அன்னைக்குப் பிடிச்சது அண்ணா, இன்னும் விடலை. அந்த வார்த்தைங்களை இங்கிலீஷ்காரங்களே வீட்டுல பேச மாட்டாங்களாம். அப்புறம் எதுக்குடி உனக்குன்னு கேட்டேன். "பரீட்சையில கேட்பாங்கம்மா"ங்குறா. யாரும் பேசாத பேச்சைக் கேட்டு வாங்குற பரீட்சை எங்கேயாவது உண்டா?

மனப்பாடம் ஏறலைன்னு ஒரு வழி கண்டுபிடிச்சா. ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு சீட்டுல எழுதி, அந்த அர்த்தத்துக்குப் பொருத்தமான சாமான் மேல ஒட்டிட்டா. ஒரே ஞாயித்துக்கிழமையில வீடு முழுக்கச் சீட்டு. மழைக்கு உப்பிக்கிட்டுத் திறக்க மாட்டேங்குற கதவுக்குப் பிடிவாதம்னு ஒண்ணு. நாள் பூரா சொட்டுற குழாய்க்கு நச்சரிப்புன்னு ஒண்ணு. சத்தம் போட்டுக் காத்துக் குடுக்காத ஃபேனுக்கு வெட்டி ஜம்பம்னு ஒண்ணு. சுவத்துல மாட்டியிருக்கிற உங்க போட்டோவுக்கும் ஒண்ணு, உங்க மச்சான் நாற்காலிக்கும் ஒண்ணு. இந்த அர்த்தமெல்லாம் எனக்குப் பின்னாடி தெரிஞ்சது. அப்ப சீட்டுல இருந்தது வெறும் இங்கிலீஷ் எழுத்து.

மறுநாள் காலையில அவ வேலைக்குப் போன பிறகு, வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்க ஆளை அனுப்பிட்டார். சொல்லாம கொள்ளாம வந்து வாளியோட நிக்கிறான். நான் என்ன செய்ய? பிள்ளை கஷ்டப்பட்டு எழுதினது வீணாப்போகக் கூடாதேன்னு ஒவ்வொண்ணாப் பிய்ச்சு ஒரு தட்டுல வச்சேன். நாற்காலியை மட்டும் யாரையும் தொட விடலை, துணி போட்டு மூடச் சொன்னேன். சாயங்காலம் கோந்து வாங்கி, எல்லாத்தையும் திரும்ப ஒட்டினேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாட்டி என்ன, அழகு தெரியுமே. மஞ்சள் சீட்டெல்லாம் சமையல்கட்டுப் பக்கம், பச்சையெல்லாம் வாசப்பக்கம், கொஞ்சம் நீளமானதை அலமாரிக்கு. கல்யாண வீடு மாதிரி இருந்தது போங்க. அவ வந்து, "பெயின்ட் அடிச்சாங்களாம்மா, ஒரு சீட்டுகூடத் தொலையலையே"ன்னு என் கன்னத்தைக் கிள்ளினா. அன்னைக்கு ராவுலேர்ந்து, கதவைப் பார்த்து ஒரு வார்த்தை, குழாயைப் பார்த்து ஒரு வார்த்தைன்னு உருப்போட ஆரம்பிச்சா. எது எங்கே இருந்ததுன்னு அவளுக்கே ஞாபகமில்லை, நான் ஒட்டினபடியே படிச்சா.

போன வாரம் மார்க் வந்தது. அதை எழுதக் கை வரலை. பிள்ளை சாப்பிடாம உள் அறையில சுவத்தைப் பார்த்து உட்கார்ந்துட்டா.

அந்த நேரம் பார்த்து, என் பிரஷர் மாத்திரையோட கீழ் வீட்டு மருந்துக்கடைக்காரர் மேல வந்தார். டாக்டருங்க கிறுக்கலையே படிக்கிற மனுஷன், சீட்டை விடுவாரா? குழாயைப் பார்த்தார். "என்னம்மா, தண்ணிக் குழாய்க்குப் பிடிவாதம்னு போட்டிருக்கு?" கதவைப் பார்த்தார். "கதவு எங்கேம்மா நச்சரிக்குது?" சிமென்ட் மூட்டையைத் தலையில போட்ட மாதிரி அப்படியே நின்னேன். பிள்ளை தோத்ததுக்குக் காரணம் அந்தக் கோந்து டப்பாதான்!

அது போதாதுன்னு நாற்காலிகிட்டப் போனார். படிச்சார். சிரிச்சார். "இது மட்டும் சரியான இடத்துல இருக்கும்மா. ஓயாமப் பேசுறவர்னு அர்த்தம்."

செத்த மனுஷனைப் பெத்த மகளே வாயாடின்னு எழுதி ஒட்டியிருக்கா அண்ணா! தையல் மெஷின் ரிப்பேருக்குப் போனா, மெஷின் ஓட ஆரம்பிச்ச பிறகும் உங்க மச்சான் ஓடிக்கிட்டே இருப்பார், நான் இல்லேங்கலை. அந்தப் பேச்சைக் கேக்கறதுக்குன்னே ஊசியை உடைச்சிட்டுக் கூப்பிட்டவங்களும் உண்டு. அதுக்காக எழுதி ஒட்டுறதா? உள்ளே போய், "அப்பா நாற்காலிக்கு என்னடி இப்படி ஒரு வார்த்தை, அநியாயம்"னு கத்திட்டேன். அவ முகத்தைத் திருப்பாமலே சொன்னா: "பரீட்சையில அந்த வார்த்தை வந்ததும்மா. பார்த்ததும் அப்பா வந்து உட்கார்ந்துட்டார். எழுந்து போகவே இல்லை. அது ஒண்ணுதான் எனக்குச் சரியா வந்தது."

மருந்துக்கடைக்காரர் மாத்திரையை வச்சிட்டுச் சத்தமில்லாம இறங்கிட்டார்.

அண்ணா, உள்ளதைச் சொல்லிடறேன். சீட்டை மாத்தி ஒட்டின விஷயத்தை நான் இன்னும் அவகிட்டச் சொல்லலை. அவ தோத்ததுல எனக்கு மனசு ஓரத்துல ஒரு நிம்மதி. ஒருத்தர் பேச்சு நின்ன வீடு இது. இவளும் போயிட்டா, நான் குழாய்கூடத்தான் பேசணும். அதனால நீங்க உடனே புறப்பட்டு வந்து, "போதும் பாப்பா, உனக்கு இங்கிலீஷ் வராது, அம்மாவோட இரு"ன்னு உங்க வாயால சொல்லணும். ஆரம்பிச்சு வச்சது நீங்க, முடிச்சு வைக்க வேண்டியதும் நீங்கதான்.

அண்ணி காலுக்கு என் விசாரிப்பு. பிள்ளைங்களுக்கு என் ஆசி. உங்க உடம்பைப் பார்த்துக்குங்க, கூடப்பிறந்தவங்கன்னு எனக்கு மிச்சம் நீங்க ஒருத்தர்தான்.

இப்படிக்கு,
தங்கச்சி

பின்குறிப்பு: மேல எழுதினபடி எதுவும் செய்ய வேண்டாம், வர வேண்டாம். கடிதாசியை மடிக்கிறப்ப அவ வந்து நின்னா, முகத்தைப் பார்த்ததும் உண்மையைக் கொட்டிட்டேன். ரெண்டு நிமிஷம் என்னையே முறைச்சா. அப்புறம் சிரிச்சா பாருங்க, உங்க மச்சான் போன பிறகு இந்த வீட்டுல அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை, கதவு தானாத் திறந்துக்கும் போல இருந்தது. திரும்பப் பரீட்சைக்குப் பேர் குடுத்தாச்சு. மருந்துக்கடைக்காரர் படிச்சுச் சொல்லச் சொல்ல, நானே எல்லாச் சீட்டையும் அதது இடத்துல ஒட்டிட்டேன். உங்க போட்டோவுக்கு உரியதும் கிடைச்சது: கேக்காமலே புத்தி சொல்றவர்னு அர்த்தமாம். வெளிநாடு போறப்ப நாற்காலிச் சீட்டைக் கொண்டுபோறேன்னு இப்பவே கேக்குறா. தர மாட்டேன்னுட்டேன். அவளுக்குத்தான் அந்த வார்த்தை மனப்பாடமாச்சே.