நாற்பது வரிப் பொதியும் இரண்டு கேள்விக்குறியும்

ஒரு காட்டில் மழை மட்டும்தான் மனுக் கொடுக்காமல் வரும். மற்ற எல்லாவற்றுக்கும் மனு வேண்டும்.

அந்தக் காட்டின் ஆற்றோரப் பள்ளத்தில் பிலோமி என்ற முள்ளெலி குடியிருந்தது. அதற்கு நான்கு குட்டிகள். பிறந்து ஒன்பது நாள்தான் ஆகிறது, இன்னும் கண் திறக்கவில்லை. போன மழைக்கு முன்னால் அதற்கு வேறு இரண்டு குட்டிகள் இருந்தன. அதனால் இந்த மழைக்குள் மேட்டில் ஒரு வளை வாங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர பிலோமிக்கு வேறு நினைப்பே இல்லை.

பிலோமிக்குப் பயந்த சுபாவம். பயந்தால் பந்தாகச் சுருண்டுவிடும். அந்த நேரம் கையில் காகிதம் இருந்தால் காகிதத்தில் நூறு ஓட்டை. அதன் முதல் மனு அப்படித்தான் போனது. மேட்டு வளை ஒதுக்கீட்டு அலுவலகத்தில் மூன்று நாள் வரிசையில் நின்று கவுன்டருக்கு வந்தபோது, உள்ளே இருந்த புனுகுப் பூனை தணிகாசலம் "அடுத்து" என்றது. அந்த ஒரு சொல்லுக்கே பிலோமி சுருண்டுகொண்டது.

தணிகாசலம்தான் அங்கே அதிகாரி. அது வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் அதன் வாசனை வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும். பாதி நாள் வாசனை மட்டும்தான் வேலை பார்க்கும்.

"ஓட்டை விழுந்தது போகட்டும்மா," என்றது தணிகாசலம், மனுவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து. "இது கையால எழுதினது. கையால எழுதினதை வாங்குற வழக்கம் இல்லை. டெக்ல கோத்துக் கொண்டா."

"டெக்னா என்ன சார்?"

"அது தெரியாமலா நாலு பெத்தே?"

வரிசையில் பின்னால் நின்ற காட்டுப்பன்றி பேச்சியக்கா பிலோமியைத் தள்ளிக்கொண்டு போய் விவரம் சொன்னது. பேச்சியக்கா மூன்று மழையாக மனுப் போடுகிறது. அதனிடம் விவரத்துக்குக் குறைவில்லை, வளைதான் இல்லை.

"டெக்குன்னா ஒரு நிரல், தங்கச்சி. நீ எழுத்தைக் கொடுத்தா அது பக்கமா கோத்துத் தரும். ஆனா அதுக்கு ஒண்ணும் தெரியாது. தலைப்பு எப்படிப் போடணும், பகுதிக்கு எண் எப்படிப் போடணும், எல்லாத்தையும் கட்டளை கட்டளையா சொல்லிக் கொடுக்கணும். அந்தக் கட்டளையையெல்லாம் முன்கூட்டியே எழுதி மூட்டையா கட்டி வச்சதுக்குப் பேரு பொதி. நாமெல்லாம் யானைப் பொதியைத்தான் ஏத்துவோம்."

"அது நல்லதாக்கா?"

"நல்லதுதான். காலையில ஓட விட்டா சாயங்காலம் பக்கம் வரும். நடுவுல யாரும் தும்மக்கூடாது."

யானைப் பொதியில் எல்லாம் இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு ஓரப் பூ, சதுரங்கக் கட்டம், தேவாரத்துக்குப் பண் குறிக்கும் அடையாளம், வேதியியல் சமன்பாடு. மேட்டு வளை கேட்பவருக்கு இதில் எது தேவை என்று யாரும் கேட்டதில்லை. பொதுக் கணினிக்கு முன்னால் பதினோரு நாள் வரிசை. பிலோமி வானத்தைப் பார்த்தது. வானத்துக்குப் பதினோரு நாள் பொறுமை இருக்கிற மாதிரித் தெரியவில்லை.

அதற்குள் யாரோ சொன்னார்கள், ஈச்சமரத்து வேரடியில் சவரி என்று ஒரு மூஞ்சூறு இருக்கிறது, சொந்தமாக ஒரு குட்டிப் பொதி எழுதி வைத்திருக்கிறது, ஆனால் வாய்தான் கொஞ்சம் நீளம் என்று. பிலோமி போனது.

"நாற்பதே வரி," என்றது சவரி, வந்தவரை உட்காரக்கூடச் சொல்லாமல். "வெறும் டெக்குக்கு மேல ஒரே ஒரு இலை. தலைப்பு, பகுதி, பக்க எண், இன்ன விவரம் இன்ன பக்கம்னு காட்டுற சுட்டு, அவ்வளவுதான். இன்னும் மூணு வரி குறைச்சிருப்பேன், நேரம் இல்லை. யானைப் பொதியில வெத்துப் பக்கம் ஒண்ணு போடவே நானூறு கோப்பு திறக்குது. எதுக்கு? வெத்துப் பக்கத்துல என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியாதுங்க. எனக்கு வளை வேணும்."

"மார்ஜின் விடத் தெரியுமா?"

அது பிலோமிக்கு நன்றாகத் தெரியும். ஆற்றங்கரையில் கொக்கு சிஸ்டர்கள் நடத்திய கான்வென்ட்டில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த முள்ளெலி அது. மார்ஜின் விடாதவர்களை அங்கே ஒற்றைக்காலில் நிற்க வைப்பார்கள். சிஸ்டர்களுக்கு அது தண்டனை என்றே தோன்றாது, அவர்களே அப்படித்தான் நிற்பார்கள். ஆகவே காலை இறக்கச் சொல்லவும் மறந்துவிடுவார்கள்.

சவரியின் கணினியில் உட்கார்ந்து பிலோமி எழுதத் தொடங்கியது. முதல் வரியில் பொதியை ஏற்று. பிறகு ஒரு சாய்கோடு போட்டுத் தலைப்பு. இன்னொரு சாய்கோடு, பகுதி ஒன்று: குடும்ப விவரம். பகுதி இரண்டு: தற்போதைய வளையின் நிலை. பகுதி மூன்று: கடந்த மழையில் நேர்ந்த இழப்பு.

மூன்றாம் பகுதியில் "இரண்டு" என்று எழுதியது. அதற்கு மேல் எழுத அதனிடம் வாக்கியம் இல்லை. 'பக்கம் நிறையவில்லை' என்று டெக் திரையில் முணுமுணுத்தது.

"அது அப்படித்தான் சொல்லும். கண்டுக்காதே," என்றது சவரி. வாய் நீளமானவர்களுக்கும் சில இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது.

ஓட்டினார்கள். திரையில் ஒற்றை நட்சத்திரக்குறி வந்து நின்றது. வேறொன்றும் நடக்கவில்லை. பிலோமி பாதி சுருண்டுவிட்டது.

"கோவிச்சுக்கிச்சா?"

"காத்துக்கிட்டு இருக்கு. நீ முடிச்சேன்னு சொல்லலையே. வெறும் டெக்கைப் பிடிச்சா கடைசியில 'பை' சொல்லணும். சொல்லாட்டி ராத்திரி முழுக்க வாசல்ல நிக்கும்."

"கான்வென்ட்ல படிச்சுட்டு பை சொல்லாம விட்டேன் பாருங்க," என்று பிலோமி வெட்கப்பட்டது. சொன்னது. பக்கங்கள் தும்மலுக்கும் முன்னால் வந்து விழுந்தன.

ஆனால் முதல் பக்கத்தில், 'குடும்ப விவரம் காண்க: பக்கம்' என்ற இடத்தில் எண் இல்லை, வெற்றிடம்.

"இன்னொரு தடவை ஓட்டு," என்றது சவரி. "முதல் ஓட்டத்துல எந்தப் பகுதி எந்தப் பக்கத்துல விழுதுன்னு ஒரு துண்டுக் கோப்புல குறிச்சு வச்சுக்கும். ரெண்டாவது ஓட்டத்துல அதைப் பார்த்து எண்ணைப் போடும். எந்தப் பொதியா இருந்தாலும் ரெண்டு ஓட்டம்."

இரண்டாவது தடவை ஓட்டினார்கள். பக்கம் 2, பக்கம் 3, பக்கம் 4. எல்லாம் அதனதன் இடத்தில். பிலோமி இரண்டு தடவை சரிபார்த்தது. கொக்கு சிஸ்டர்கள் பார்த்திருந்தால் கால் மாற்றி நின்றிருப்பார்கள்.

மனுவை வாயில் கவ்விக்கொள்ளாமல், சுருண்டாலும் ஓட்டை விழாதபடி இரண்டு தேக்கிலைக்கு நடுவில் வைத்து, பிலோமி மறுபடி வரிசையில் நின்றது. கவுன்டரில் தணிகாசலம் முதல் பக்கத்தைப் பார்த்தது. மோந்து பார்த்தது. திருப்பிப் பார்த்தது.

"எங்கேம்மா?"

"எது சார்?"

"கேள்விக்குறி. 'குடும்ப விவரம் காண்க' போட்டிருக்கே. பக்கத்துல ரெண்டு கேள்விக்குறி இருக்கணுமே. நீ பாட்டுக்கு எண் போட்டிருக்கே."

"குடும்ப விவரம் ரெண்டாம் பக்கத்துலதான் சார் இருக்கு. திருப்பிப் பாருங்க."

"இருக்கட்டும். அது எனக்கு எதுக்கு? ரெண்டு கேள்விக்குறி இருந்தாத்தான் அசல் மனு. இல்லாட்டி போலி. சுற்றறிக்கையே இருக்கு."

சுற்றறிக்கை உண்மையாகவே இருந்தது. யானைப் பொதி, எண் தெரியாத இடத்தில் முதல் ஓட்டத்தில் இரண்டு கேள்விக்குறி போட்டுவைக்கும். அடுத்த ஓட்டத்தில் எடுத்துவிடும். ஆனால் ஒரு ஓட்டத்துக்கே ஒரு பகல் போகும் இடத்தில் இரண்டாவதை யார் ஓட்டுவார்கள்? பதினெட்டு மழையாக அந்த அலுவலகத்துக்கு வந்த ஒவ்வொரு மனுவிலும் கேள்விக்குறிகள். பார்த்துப் பார்த்து, அதுதான் முத்திரை என்று அலுவலகம் முடிவுசெய்துவிட்டது. ஒற்றைக் கேள்விக்குறியோடு வந்த ஒரு உடும்பின் மீது விசாரணைகூட நடந்தது.

பின்னால் நின்ற பேச்சியக்கா காதோரம் சொன்னது: "பக்க எண்ணெல்லாம் போடுவாங்களா தங்கச்சி? கண்ணு பட்டுடும்."

பிலோமி சுருளவில்லை. சுருள நேரமில்லை, முதல் தூறல் முதுகில் விழுந்துவிட்டது. நேராக ஈச்சமரத்துக்கு ஓடியது.

"கேள்விக்குறி வேணுமாம்," என்றது.

சவரியின் மீசை நடுங்கியது. "அது பிழைம்மா. பிழைன்னு தெரியுறதுக்காகப் போடுற குறி. என் பொதியில அது வராது. வராம இருக்கிறதுக்குத்தான் நான் நாலு மாசம் உட்கார்ந்தேன்."

"வர வையுங்க."

"பிழையைக் கையால எழுதச் சொல்றியா? நானும்தான் மேட்டு வளைக்கு மனுப் போட்டிருக்கேன். எல்லா எண்ணும் சரியா இருக்கு. ஏழு மாசமா நிலுவையில இருக்கு. இருக்கட்டுமே."

"உங்களுக்குக் குட்டி இருக்கா?"

"இல்லை."

"அப்போ தள்ளி உட்காருங்க."

பிலோமி தானே ஒரு கட்டளை எழுதியது. பக்க எண்ணை யார் எங்கே கேட்டாலும், எதையும் பார்க்காமல், இரண்டு கேள்விக்குறி போடு. ஒரே வரி. ஓட்டியது. எண்கள் சரியாகவே வந்தன. பிலோமிக்கு அழுகை வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்று சரியாக வந்ததற்காக அழுதது. பிறகு புரிந்தது, தன் வரியைப் பொதியை ஏற்றும் வரிக்கு மேலே வைத்திருக்கிறது. பின்னால் வந்த பொதி அதைத் திருத்திவிட்டது. அலுவலகம் மாதிரிதான் டெக்கும், கடைசியாகப் பேசியவர் பேச்சுத்தான் நிற்கும். வரியைக் கீழே இறக்கியது. ஓட்டியது. ??, ??, ??.

சவரி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

தூறலில் வரிசை கலைந்துவிட்டிருந்தது, அதனால் அன்றைக்கு மாலையே உத்தரவு கிடைத்தது. தணிகாசலம் கேள்விக்குறிகளை விரலால் தொட்டு எண்ணிவிட்டு, "இப்படி முதல்லயே செஞ்சிருந்தா உனக்கு எதுக்கு அலைச்சல்?" என்று அன்பாகவே சொன்னது. உத்தரவும் யானைப் பொதியில் கோத்ததுதான். அதில் இப்படி இருந்தது: 'மனுதாரர் பிலோமிக்கும் அவர் குட்டிகளுக்கும் மேட்டில் வளை எண் ?? நிரந்தரமாக ஒதுக்கப்படுகிறது.'

"எது சார் இது? எந்த வளை?"

"அதுக்குத் தனி மனு," என்றது தணிகாசலம். கவுன்டர் பலகையை இறக்கிவிட்டுப் போனது.

ஆறு அதற்குள் கோரைப்புல் வரை வந்துவிட்டது. பிலோமி பள்ளத்துக்கும் மேட்டுக்குமாக நான்கு நடை நடந்தது, நடைக்கு ஒரு குட்டி. மேட்டில் ஏறியதும் எந்த வளை என்று யோசிக்கவில்லை. இருப்பதிலேயே உயரமானது, வாசலில் கல் பாவியது, உள்ளே காய்ந்த சருகு மெத்தை போட்டது ஒன்று இருந்தது. நல்ல வாசனையும் வந்தது. குட்டிகளை அதற்குள் விட்டது.

ஐந்தாவது நடை ஈச்சமரத்துக்கு. சவரி தண்ணீரில் கழுத்தளவு நின்றுகொண்டிருந்தது.

"உத்தரவு இல்லாம மேட்டுக்கு வர மாட்டேன்," என்றது. "முறைன்னு ஒண்ணு இருக்கு."

பிலோமியின் வாய் காலியாக இருந்தது, அதனால் பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போனது.

நன்றாக இருட்டிய பிறகு தணிகாசலம் நனைந்து வீடு வந்தது. மெத்தையில் நான்கு குட்டிகள், ஒரு மூஞ்சூறு, வாசலில் முள்ளெலி.

"என்னம்மா இது? இது என் வளை."

"எண் என்ன சார்?"

"பதினேழு."

பிலோமி உத்தரவை நீட்டியது. "எனக்குக் கொடுத்தது ரெண்டு கேள்விக்குறி. அது பதினேழு இல்லைன்னு இதுல எங்க சார் இருக்கு?"

"எதுன்னே எழுதாத உத்தரவு எப்படிம்மா செல்லும்?"

"செல்லாதுன்னு எழுதிக் கொடுங்க சார். அப்போ கேள்விக்குறி போட்டு நீங்க வாங்கின மனு எல்லாம் செல்லாது. பதினெட்டு மழை. பேச்சியக்காகிட்டயும் சொல்லிடுறேன்."

தணிகாசலம் மழையில் நின்றது. அதன் வாசனை கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, அதிகாரிகள் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தது: தன் வளையைத் திருப்பிக் கேட்டு மனு எழுதப் போனது. சொந்த விஷயம் என்பதால் பயந்து பயந்து யானைப் பொதியை இரண்டு நாள் இரண்டு முறை ஓட்டியது. எண் பதினேழு என்று தெளிவாக விழுந்தது. மூன்றாம் நாள் கவுன்டரில் உட்கார்ந்து அதை வாங்கிப் பார்த்தது. கேள்விக்குறி இல்லை. போலி மனு என்று எழுதித் திருப்பிவிட்டது.

மேலே, மெத்தையில், சவரி உத்தரவை எடுத்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டபடி இருந்தது. "இன்னொரு தடவை ஓட்டியிருந்தா நம்பர் வந்திருக்கும். சின்ன வேலை."

"பேசாம இரு அண்ணே," என்றது பிலோமி. "பிள்ளைங்க தூங்குது."

நீதி: குட்டி உள்ளவர்கள் எதையும் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும், சரியாக இருந்தால், கொடுப்பதற்கு முன் கெடுத்துவிட வேண்டும்.