போசனின் முடியும் அண்ணனின் கடிதமும்

கில்லாம் துறை,
செப்டம்பர் 12

அன்புத் தங்கை டுரூசிலாவுக்கு உன் அண்ணன் அசரையா எழுதுவது. நானும் என் நாய் போசனும் நல்ல சுகம். உன் உடம்பும் மூச்சும் சீராக இருக்கக் கடவுள் துணை செய்யட்டும். இதை எனக்காக யாரும் எழுதித் தரவில்லை. ஒவ்வொரு எழுத்தும் நான் போட்டது. கோணலாக இருப்பவைகூட என்னுடையவைதான்.

போன வருஷம் நீ வந்து, மூன்றாம் நாளே போசனின் முடியால் மூச்சிரைத்து டொராண்டோவுக்குத் திரும்பினாய். கப்பல் ஏறும்போது, "அண்ணே, நாயை விரட்டச் சொல்லல. வீட்டை முடியில்லாம வச்சுக்க, அடுத்த வருஷம் பனிக்கு முன்னாடி வந்து உன்கூடவே இருந்துடறேன்" என்றாய். அதிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை.

முதலில் வேக்குவம் கிளீனர். ஆறு வருஷமாக அது முடியை இழுக்காமல் மூலைக்கு மூலை தள்ளிக்கொண்டிருந்தது. என்னைப் போல அதற்கும் வயசாகிவிட்டது என்று விட்டிருந்தேன். ரொபெர்ட்டா டீச்சர் சர்ச் வகுப்பில் எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்த பிறகு, அதனோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்து அடுப்படியில் உட்கார்ந்து வாசித்தேன். பையை மாதம் ஒருமுறை மாற்றவும் என்று மூன்றாம் பக்கத்தில் போட்டிருக்கிறது. டுரூசிலா, அதற்குள் ஒரு பை இருக்கிறது. திறந்து கொட்டினேன். வந்து விழுந்தது கிட்டத்தட்ட இன்னொரு நாய். போசன் அதைச் சுற்றிவந்து மரியாதையாகப் பின்பக்கம் மோந்து பார்த்தான்.

இப்போது அது இழுக்கிற இழுப்பில் திரைச்சீலைகூடத் தப்பவில்லை. போசனுக்கோ பயமே இல்லை, குழாயை முதுகில் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு மறுபக்கத்தையும் காட்டுகிறான், ஆனால் அடியில் இருக்கிற பஞ்சு முடி மட்டும் அசையவில்லை, கடையில் வாங்கிய இரண்டு சீப்பும் பல் வளைந்துபோயின, அப்போதுதான் பெர்ரிப் பழம் வாருகிற, இரும்புப் பல் வைத்த நம் அப்பாவின் மரப்பெட்டி கண்ணில் பட்டது. ஓர் இழுப்புக்கு ஒரு தலையணை முடி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் பெட்டியைக் கழுவினேனா என்பது நினைவில்லை. மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்ப் பழம் வாரி, ஜாம் காய்ச்சி, சர்ச் விருந்துக்குப் பன்னிரண்டு பாட்டில் கொடுத்தேன்.

விருந்தில் பக்கத்து வீட்டு எஃபி அதை ரொட்டியில் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மாமா, இந்த ஜாமுக்கு மீசை முளைச்சிருக்கே."

"குளிர் வருதில்ல, அதான் போர்த்திக்கிட்டிருக்கு" என்றான் அவள் புருஷன் ஹெட்லி.

பாதிரியார் மட்டும் இரண்டு துண்டு தின்றார். பிறகு என் தோளைத் தட்டி, "அசரையா, நாய் சௌக்கியந்தானே?" என்று கேட்டார்.

மறுநாளே எஃபி ஒரு கம்பி பிரஷ் கொண்டுவந்தாள். "இது நாய்க்கு, அது பழத்துக்கு. மாத்திடாதீங்க மாமா." அன்றிலிருந்து தினம் காலையில் காற்று கடலைப் பார்த்து அடிக்கும்போது போசனை வெளியே நிறுத்தி அரைமணி நேரம் வாருவேன். அப்புறம் தரைக்கு வேக்குவம். நாற்காலிகளை ரப்பர் கையுறையை ஈரமாக்கித் துடைப்பேன். எழுத உட்காரும் முன் ஒரு வெள்ளைத் துணியைத் தரை முழுக்க இழுத்துப் பார்த்தேன். மூன்றே முடி, அதிலும் ஒன்று என்னுடையது. வீடு சுத்தம். டிக்கெட் எடுத்துவிடு. கடலைப் பார்த்த அறை உனக்கு.

கர்த்தர் உன் நெஞ்சை லேசாக வைக்கட்டும். எஃபியும் ஹெட்லியும் விசாரித்தார்கள். போசன் தன் அன்பை எச்சிலோடு அனுப்புகிறான்.

உன் அண்ணன்
அசரையா

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்கப் பதினேழு நாள் ஆகிவிட்டது. வீடு சுத்தம் என்பது முதல் நாள் நிலவரம். எழுத்தை விட்டு எழுந்திருக்க மனசு வராததால் அதற்குப் பிறகு நான் பிரஷைத் தொடவில்லை. இப்போது போசனைக் கூப்பிட்டால், எந்தக் குவியல் எழுந்து வருகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன். இருந்தாலும் நீ புறப்படு. முதல் இரண்டு நாள் எஃபி வீட்டில் தங்கிக்கொள். நீ இங்கே வந்துவிட்டால் நான் கடிதம் போட வேறு யாரும் இல்லை. நாள் முழுக்கப் போசனை வாருகிறேன்.