நீல பிக்கப்புக்கு ஒரு புதிய தொண்டை

மரியாதைக்குரிய வெர்னா அத்தைக்கு,

காரா எழுதுவது. இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். அடுப்பு மேல் இருக்கும் கடிகாரம் பன்னிரண்டே கால் காட்டுகிறது, எழுத்து கோணினால் அதையும் இந்த மன்னிப்பிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். போன் செய்திருக்கலாம். ஆனால் நான் முதல் வாக்கியத்தைச் சொன்னதுமே நீங்கள் போனை வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் திட்டிக்கொண்டாவது கடைசிவரை படிப்பீர்கள். நாங்கள் எல்லோரும் நலம். அரிசோனா வெயில் உங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே சோளம் ஆளுயரம் நிற்கிறது. உங்கள் பேத்தி மேபலுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது. நீங்கள் போட்டு வைத்துப் போன பீட்ரூட் ஊறுகாயில் இன்னும் ஒரு பாட்டில் மிச்சம்.

அத்தை, நாங்கள் நீல பிக்கப் வண்டியின் எஞ்சினில் கை வைத்துவிட்டோம்.

உட்கார்ந்துகொண்டீர்களா? சாவியைக் கொடுத்தபோது நீங்கள் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது: "ஆயில் மாத்து, டயர் மாத்து, வேணும்னா புருஷனைக்கூட மாத்து. எஞ்சின்ல மட்டும் கை வெக்காதே. கம்பெனிக்காரன் எப்படிக் குடுத்தானோ அப்படியே இருக்கு." உங்கள் 2003ஆம் வருஷத்துக் கோப்பை ஃபிரிட்ஜ் மேலேயே நிற்கிறது, அதில் பொறித்திருக்கும் 'மாற்றம் செய்யாத வண்டிப் பிரிவு, முதலிடம்' என்பதைத் தினமும் துடைக்கிறேன். ஆனால் போன வருஷத் திருவிழாவில் பாரத்தை யார் வண்டி அதிக தூரம் இழுக்கும் என்ற போட்டியில் உங்கள் பிள்ளை கர்ட் பக்கத்து வீட்டு லைலிடம் பதினோரு அங்குலத்தில் தோற்றது உங்களுக்குத் தெரியும். தெரியாதது, லைல் அதற்குப் பிறகு வேலி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு தினமும் பேசுவது. "என்ன காரா, உங்க வண்டி இப்பெல்லாம் பாரம் இழுக்கிறதில்லையாம், தாலாட்டுதான் பாடுதாம்?"

அதில் வயிறெரிவது என்னவென்றால், அது உண்மை. மேபல் அந்த வண்டியில்தான் தூங்குகிறாள். தொட்டிலில் தூங்க மாட்டாள், தோளில் தூங்க மாட்டாள், மழைச் சத்தம் போடும் பொம்மை வாங்கினோம், அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். மத்தியானம் ஒரு மணிக்கு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்தால் நாலு நிமிஷத்தில் கண் சொருகிவிடும். ஒன்றே முக்கால் மணி நேரம்! ஒரு நாளில் எனக்குக் கிடைக்கும் மொத்த அமைதி அவ்வளவுதான், அத்தை. அப்படிப்பட்ட எஞ்சினைப் பார்த்து கர்ட் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், "த்ராட்டில் பாடியை மாத்தப்போறேன், இந்தத் தடவை மாத்தின வண்டிப் பிரிவுல இறங்கறேன்" என்றால் எனக்கு எப்படி இருக்கும்? சத்தம் மாறிவிட்டால் என் பிள்ளை எங்கே தூங்கும்?

முப்பது வருஷம் உதிரிபாகக் கடைக் கவுண்டரில் நின்ற உங்களுக்குத் த்ராட்டில் பாடி என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டாம். எனக்குத்தான் யாராவது சொல்ல வேண்டியிருந்தது. "எஞ்சினோட தொண்டை அது. கால வெச்சு மிதிச்சா உள்ள இருக்கற தகடு திறக்கும், காத்து போகும். துளை பெருசா இருந்தா காத்து நிறைய, காத்து நிறையன்னா பலம் நிறைய" என்றான் உங்கள் பிள்ளை. அப்போதுதான் எனக்குச் சட்டென்று விளங்கியது, அத்தை. இது பால் பாட்டில் நிப்பிள்! பிறந்த குழந்தைக்கு ஒரு துளை, மூன்று மாதத்துக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று. அவசரப்பட்டு நான் பெரிய துளை போட்ட அன்று மேபல் பாதியைக் குடித்து மீதியை என் மேலேயே கொட்டினாளே! "கர்ட், துளை பெருசானா வயிறு பெருசாயிடுமா? எஞ்சின் வாயோட அளவு என்ன, அதச் சொல்லு முதல்ல" என்றேன். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லப்போனவள், இரண்டு வாரமாகத் துணி மடிக்கும்போதுகூட மில்லிமீட்டரில் யோசிக்கிறேன்! கல்லூரியில் நாலு வருஷம் புள்ளியியல் படித்ததற்கு இப்போதுதான் வேலை வந்தது என்று ஒரு பட்டியல் போட்டேன். துளை அளவு, சும்மா ஓடும்போது சத்தம், மேபல் தூங்க எடுத்த நிமிஷம். எஞ்சின் வாயை கர்ட் அளந்தான், எழுபத்தெட்டு மில்லிமீட்டர். கடைக்காரர், பிடிக்காததைத் திருப்பிக்கொள்கிறேன் என்று மூன்று த்ராட்டில் பாடி அனுப்பினார். நடுவர் மேபல்.

முதலாவது தொண்ணூறு மில்லிமீட்டர், உங்கள் பிள்ளை அதைக் குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி வந்தான். மாட்டினோம். வண்டி சும்மா நிற்கும்போதே எகிறுகிறது, தணிகிறது, மறுபடி எகிறுகிறது, நான் மூன்று மாதக் கர்ப்பத்தில் இருந்ததுபோலவே. மேபல் வீல் என்று கத்த, லைலின் நாய் கூடச் சேர்ந்துகொண்டது. இரண்டாவது எண்பது. இழுவை அபாரம்! கோதுமைக் கிடங்கு மேட்டில் வண்டி என்னைப் பின்னால் சாய்த்தது, நான் கூச்சலே போட்டுவிட்டேன். ஆனால் லேசாக மிதித்தால் விசில் அடிக்கிறது, அத்தை. மேபல் கண்ணை அகல விரித்து யார் கூப்பிட்டது என்று தேடுகிறாள், தூக்கம் போயே போச்சு. மூன்றாவது உள்ளே பளபளவென்று தேய்த்த எழுபத்தைந்து, கம்பெனி அளவுதான். ஒன்பது நிமிஷத்தில் தூங்கினாள். ஆனால் இழுவையில் ஒரு சொட்டு வித்தியாசம் இல்லை. இல்லை, பழையதைவிடக் கொஞ்சம் சோம்பலாகக்கூட இருந்தது. அது ஏன் என்று இருவருக்கும் புரியவில்லை.

"எண்பதுதான்" என்கிறான் கர்ட்.

"எழுபத்தஞ்சுதான்" என்கிறேன் நான்.

"போட்டில வண்டிய ஓட்டப்போறது நானா, மேபலா?"

"தினமும் மத்தியானம் அவள வெச்சுக்கப்போறது நீயா, நானா?"

இரண்டு நாளாகச் சமையலறையில் இதுதான் பேச்சு. கடைசியில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தில்தான் ஒத்துப்போனோம்: அம்மா சொல்வதைக் கேட்போம். அடுத்த வாரம் சனிக்கிழமை போட்டி. வேண்டாததை வியாழனுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். உங்கள் பேச்சைத் தட்டியதற்கு என்னைத் திட்டுங்கள், தாராளமாக. திட்டி முடித்தபின், எண்பதா எழுபத்தைந்தா, ஒரே ஒரு எண் மட்டும் எழுதிப் போடுங்கள்.

உங்கள் முழங்கால் சீக்கிரம் தேறட்டும். அங்கே சீட்டு விளையாடும் உங்கள் தோழிகளுக்கு என் வணக்கம். மேபல் எச்சிலோடு ஒரு முத்தம் தருகிறாள், இந்தத் தாளின் மூலையில் ஈரம் இருந்தால் அதுதான்.

பணிவும் பயமும் கலந்த அன்புடன்,
காரா

பி.கு.: அத்தை, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். கடிதத்தை உறையில் போடப் போகும்போது பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருந்தது கண்ணில் பட்டது. பழைய த்ராட்டில் பாடியின் அளவு. கம்பெனி அளவுதானே என்று யாரும் அளக்கவே இல்லை. காலியாக விட எனக்கு மனம் வராது, உங்களுக்குத் தெரியும். மேஜைக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து அளந்தேன். எழுபத்தைந்து இல்லை. மூன்று தடவை அளந்தேன். எழுபத்தெட்டு. எஞ்சின் வாய்க்கு ஒரு மயிரிழை பிசகாமல்! உள்தகடும் அதற்குத் தக்கபடி மாற்றப்பட்டிருக்கிறது. கரியைத் துடைத்தேன், விளிம்பில் ஊசியால் கீறிய எழுத்து தெரிந்தது: 'வெர்னா எச்., ஜூலை 2003.'

உங்கள் கோப்பையில் ஆகஸ்ட் 2003 என்று இருக்கிறது.

கோப்பையைப் பற்றி நான் செத்தாலும் வாய் திறக்க மாட்டேன். கர்ட்டிடம் மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நாளைக் காலை மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டு உங்களுடையதையே மாட்டப்போகிறோம். மேபல் நாலு நிமிஷத்தில் தூங்குவாள். சனிக்கிழமை மாற்றின வண்டிப் பிரிவில் கூச்சமில்லாமல் இறங்குவோம். ஆனால் இதை வைத்துக்கொண்டே போன வருஷம் எப்படிப் பதினோரு அங்குலத்தில் தோற்றோம்? நீங்கள் இழுத்தபோது காலை எப்படி வைத்தீர்கள், எப்போது அழுத்தினீர்கள்? இந்தத் தடவை ஓட்டப்போவது நான். சீக்கிரம் பதில் போடுங்கள், அத்தை.