ஏறாமல் விட்ட விமானம்

என் தம்பி பாபு, மும்பை விமான நிலையத்தில், அத்தனை பேர் பார்க்க, என்னைக் காட்டி, "இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது" என்று சொன்னான்.

கூடப் பிறந்தவன். நான் இடுப்பில் தூக்கிச் சுமந்தவன். இன்று வரை இதை ஒப்புக்கொள்ளவில்லை. காதுகுத்து, வளைகாப்பு என்று எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் எங்கள் கப்பல் கதையை எடுத்துவிடுகிறான். என்னைப் போல நடித்துக் காட்டுகிறான். கூட்டம் சிரிக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் ஒவ்வொரு முறையும் விழுங்கிவிடுகிறான். அதனால் நானே எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுத வரும்.

ஆரம்பித்து வைத்தது அம்மா. ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் ஊர் நகரியில் அம்மாவுக்கு எதிர்வீடு சரோஜா. சரோஜாவின் மகன் அவளை விமானத்தில் காசிக்கு அழைத்துப் போய்வந்தான். அதிலிருந்து அவள் வாசல் தெளிக்கும்போதுகூட விமானத்தைப் பற்றித்தான் பேசினாள். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் எனக்குப் போன் செய்தாள்.

"ஏ கலா, ஏரோப்ளேனுல எவ வேணா போலாம். கப்பல்ல போனவ இந்தத் தெருவுல எவளாவது கீறாளா?"

"இல்லமா."

"அப்ப நான் போறேன்."

நான் அப்போது திருப்பதியில் குடியிருந்து, தினமும் கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒன்றை முடிப்பேன் என்று சொன்னால் முடிக்கிற ஆள் என்று எனக்குப் பெயர். (அந்தப் பெயரை எனக்கு வைத்தது நானேதான்.) தேடினேன். ஒரு கப்பல் சிக்கியது. சென்னையில் சீசன் முடிந்து மும்பைக்கு இடம் மாறப் போகிற கப்பல். திருப்பதிக்கு ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிற டாக்சிக்காரன் வழியில் கை காட்டுகிறவர்களைக் கிடைத்த காசுக்கு ஏற்றிக்கொள்வான் இல்லையா, அதே கணக்கு. அறை வாடகையைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கும் எனக்கும் பாபுவுக்கும் அன்றைக்கே பதிவு செய்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எங்களிடமிருந்து தப்பித்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

பதிவு செய்த பிறகுதான் யோசித்தேன். ஏறுவது சென்னை. இறங்குவது மும்பை. மும்பையில் இறங்கி நகரிக்காரி என்ன செய்வாள்?

இதற்குள் பாபுவுக்குப் பெண் அமைந்தது. லாவண்யா, நாயுடுபேட்டைப் பெண். அவள் அப்பா நேரம் தவறாத மனிதர். அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரமே அவரைப் பார்த்துத்தான் ஓடும். அவர் குறித்து அனுப்பிய நிச்சயதார்த்த நாள், கப்பல் மும்பை சேருகிற நாளுக்கு மறுநாள் சாயங்காலம். நாளை மாற்ற முடியுமா என்று கேட்டேன். "முகூர்த்தம் முகூர்த்தமே அம்மா" என்று போனை வைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் நிச்சயப் புடவையைப் பெண்ணின் கையில் வைக்க வேண்டியது மாப்பிள்ளையின் அக்கா. ஆக நானும் போய்ச் சேர வேண்டும், மாப்பிள்ளையும் போய்ச் சேர வேண்டும். ரயிலில் வந்தால் நேரம் இடிக்கும். அம்மாவுக்கு வேறு காரணம். "கப்பல்ல போயிட்டு ரயில்ல வந்து எறங்கினா சரோஜா சிரிப்பா."

விமானம்தான் என்று முடிவானது. அங்கே பிடித்தது சனி.

மும்பையிலிருந்து சென்னைக்கு ஒருவழி டிக்கெட் விலையைப் பார்த்தேன். போனைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். திருப்பதி விமான நிலையம் இருக்கிற ரேணிகுண்டாவில் இறங்கினால் என்ன விலை என்று பார்த்தேன். இன்னும் மேலே. பெங்களூரில் இறங்கிச் சித்தூர் வழியாக பஸ்ஸில் வந்தால்? விமானம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் நள்ளிரவில் இறக்கிவிடும். ஹைதராபாத்தில் மாறிப் போகிற ஒன்று இருந்தது. அதில் வந்தால் நிச்சயம் முடிந்து கல்யாணமே நடந்திருக்கும். ஒரு போனில் பார்த்தால் ஒரு விலை, வீட்டுக்காரர் போனில் பார்த்தால் வேறு விலை. நான் ஆவலாகப் பார்க்கிறேன் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறதாம், ஆபீஸில் ஒருத்தி சொன்னாள். அதற்காக ஆவலே இல்லாதது போல முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே செய்தேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிராவல்ஸ்காரரிடம் போனேன். "ஒன் வே அந்தே மேடம், ரேட்டு அட்லனே உண்டுந்தி" என்றார். ஒருவழி என்றால் அப்படித்தான் இருக்குமாம். பிறகு சும்மா ஒரு தகவலாக, போகவர சேர்த்து எடுத்தால் சலுகை இருக்கிறது என்றார். கணினியைத் திருப்பிக் காட்டினார். சென்னையிலிருந்து மும்பை போய் அங்கிருந்து சென்னை திரும்புகிற டிக்கெட், மும்பையிலிருந்து சென்னைக்கு வரும் டிக்கெட்டை விட மலிவு.

அரை பிளேட் இட்லி முழு பிளேட்டை விட விலை அதிகம் என்று எந்த ஓட்டல்காரனாவது எழுதிப் போட்டால் நாம் கல்லாவைக் கவிழ்த்துவிட்டு வருவோம். விமானக் கம்பெனி எழுதிப் போட்டால் சலுகை என்கிறோம்.

ஆனால் அந்த நிமிடம் எனக்குக் கோபம் வரவில்லை. மூளை வேலை செய்தது. அதுதான் வினை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். திருப்பதியிலிருந்து சென்னை போகிற பஸ் நகரி வரும்போது நிரம்பி வழியும். அதனால் நாங்கள் திருப்பதியிலிருந்தே ரிசர்வ் செய்துவிடுவோம். திருப்பதியில் ஏற மாட்டோம். கண்டக்டருக்கு ஒரு போன் போட்டு, "நகரியில ஏறிக்கிறோம்ணா" என்று சொன்னால் போதும். சீட்டு காலியாக வந்து சேரும். காசு கட்டியாகிவிட்டது, பாதித் தூரம் உட்காராமல் விடுவது என் இஷ்டம். பிறந்ததிலிருந்து நாங்கள் பயணம் செய்கிற முறை இது.

அதையே செய்தேன். போகவர மூன்று டிக்கெட் எடுத்தேன். போவது கப்பலில், வருவது மட்டும் இதில். திரும்பி வர சன்னலோர சீட்டுக்குத் தனியாகக் காசு கட்டினேன். பஸ்ஸில் சன்னல் வழியாகக் கர்ச்சீப் போடுவதில்லையா, அது போல.

பாபு எங்கள் கம்பெனியிலேயே சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறான். அவனிடம் விவரம் சொல்லி, "சரியா வருமாடா?" என்று கேட்டேன். அவன் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா. எலும்பு வேணாமா உனுக்கு?"

இதுதான் அவன் கொடுத்த ஆலோசனை.

கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. மூன்று பேரும் மேல்தளத்தில் நின்றோம். தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. நேரத்தைப் பார்த்தேன். எங்கள் விமானம் கிளம்புகிற நேரம்.

"அதோ பாருமா, நம்ம ஏரோப்ளேனு. நம்ம மூணு சீட்டும் காலியா போய்க்கினு கீது."

அம்மா பெருமையாகப் பார்த்தாள். நான் கையை ஆட்டி டாட்டா காட்டினேன். எனக்குக் கிடைத்த ஒரே விமானத்துக்கு நானே டாட்டா காட்டி அனுப்பியிருக்கிறேன் என்று அப்போது தெரியாது.

கப்பலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அம்மா ஆறிப்போன தோசையைத் திருப்பி அனுப்பினாள், கடலில் கரை தெரியவில்லை என்று குறைப்பட்டாள், சரோஜாவுக்கு அனுப்ப நூறு போட்டோ எடுக்கச் சொன்னாள். நிச்சயத்துக்கு வாங்கிய மோதிரத்தையும் புடவையையும் வீட்டில் விட்டுவர மனமில்லாமல் ஒரு பெட்டியில் பூட்டிக் கூடவே கொண்டுவந்திருந்தாள். தூங்கும்போதும் அந்தப் பெட்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

மும்பையில் இறங்கி நேராக விமான நிலையம். கவுன்டரில் இருந்த பெண் எங்கள் டிக்கெட்டைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், மறுபடி எங்களைப் பார்த்தாள். இந்தியில் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை என்று புரிந்ததும், உள்ளேயிருந்து தெலுங்கு தெரிந்த ஒரு பையனைக் கூப்பிட்டாள்.

"அம்மா, மீரு வெள்ளேடப்புடு எக்கலேது கதா?"

போகும்போது ஏறவில்லையே என்று கேட்கிறான்.

"எக்கலேது" என்றேன். "கப்பல்ல வந்தோம்."

போகும்போது ஏறாவிட்டால் திரும்பி வருகிற டிக்கெட்டும் தானாகவே ரத்தாகிவிடும் என்றான். ரூல் அம்மா, என்றான். பணமும் வராது.

நான் அவனுக்குப் பொறுமையாக நகரி பஸ்ஸை விளக்கினேன். தெலுங்கில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. பிறகு பொறுமை இல்லாமல் ஒரு முறை.

"காசு குடுத்தது நானு. சீட்டு என்னுது. நான் குந்தினா இன்னா, குந்தாட்டி இன்னா? காலியா போனதால உங்களுக்குப் பெட்ரோலு மிச்சம்தானே? எனக்கு நீங்க திருப்பித் தரணும்!"

அம்மா பக்கத்தில் நின்று, "பஸ்ஸுன்னா கண்டக்டர் கிட்ட பேசலாம். இதுல கண்டக்டரே இல்லியே" என்று வருத்தப்பட்டாள்.

என் குரல் உயர்ந்திருக்கிறது. எவ்வளவு என்றால், பக்கத்து வரிசைகள் எல்லாம் திரும்பி நின்று வேடிக்கை பார்த்தன. துப்பாக்கியோடு ஒரு காவலர் வந்தார். நான் பாபுவைத் தேடினேன். அவன் எங்கள் பெட்டிகள் இருந்த வண்டியோடு சத்தமில்லாமல் நகர்ந்து நகர்ந்து, வேறொரு கம்பெனியின் வரிசையில் போய் நின்றிருந்தான். கழுத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, மேலே விளக்குகளை எண்ணுவது போல நின்றான்.

தெலுங்குப் பையன் அவனிடம் போய், "ஆமெ மீ மனிஷேனா?" என்று கேட்டான். உங்கள் ஆளா?

அப்போதுதான் சொன்னான். நான் கேட்டேன். இரண்டு காதாலும் கேட்டேன். தெலுங்கில் சொன்னான், அது போதாதென்று தமிழிலும் சொன்னான். இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது.

கடவுள் இருக்கிறார். காவலர் அவனிடம் திரும்பி, வண்டியில் இருக்கிற பெட்டிகள் யாருடையவை என்று கேட்டார். மூன்றிலும் என் பெயர் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. என்னையே தெரியாதவன் என் பெட்டிகளை எப்படித் தள்ளிக்கொண்டு நிற்கிறான்? காவலர் வாக்கி டாக்கியை எடுத்தார். ஆளில்லாத பெட்டி என்றால் அங்கே தூக்கிப்போய் வெடிக்க வைத்துவிடுவார்கள் என்பது அம்மாவுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

"ஐயோ, மோதரம்! டேய் பாபு, உன் மோதரம்டா!"

அம்மா ஓடிப்போய்ப் பெட்டியின் மேல் படுத்துவிட்டாள். அடுத்த நொடி பாபு நான்கு மொழியில் கத்தினான். "அக்கா! எங்க அக்கா! மா அக்கா! மேரி அக்கா! மை ஓன் அக்கா!"

அன்று விமானத்தில் சீட்டு இல்லாமல் இல்லை. அவர்கள் சொன்ன விலைக்குப் பாபுவையே விற்றாலும் ஒரு சீட்டுக்கு வராது. (அன்றைய நிலையில் விற்றிருப்பேன்.) கிடைத்த ரயிலில் ஏறினோம். ரிசர்வ் இல்லாத பெட்டி. கப்பல் கம்பெனியின் பளபளப்பான அட்டை தொங்கும் சூட்கேசின் மேல் அம்மா உட்கார்ந்து வந்தாள். பாபுவை வழி முழுக்க நிற்க வைத்தேன். இடம் கிடைத்தபோதும் உட்கார விடவில்லை.

"அக்கா, கால் வலிக்குதுக்கா."

"நீ யாருப்பா? எனக்குத் தெரியாதே."

லாவண்யா வீட்டிலிருந்து போன் மேல் போன். ஒவ்வொன்றுக்கும், "வந்துக்கினே கீறோம்" என்றேன். ஆந்திராவுக்குள் நுழைவதற்கு முன்பே அப்படித்தான் சொன்னேன். ரேணிகுண்டாவில் இறங்கும்போது முகூர்த்தம் தொடங்கியிருந்தது. டாக்சி பிடித்து, காளஹஸ்தி வழியாகப் பறந்து, நாயுடுபேட்டையில் பெண் வீட்டு வாசலில் இறங்கியபோது முகூர்த்தம் முடிந்திருந்தது. பந்தலில் பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் சட்டை, போட்டு இரண்டு நாள் ஆன சட்டை. கழுத்தில் கப்பல் அறையின் சாவி அட்டை இன்னும் தொங்கியது. லாவண்யாவின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு வாசலை அடைத்து நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

நான் என்னென்னவோ சொல்லத் தயார் செய்து வைத்திருந்தேன். அழுகைதான் வந்தது. தம்பியின் வாழ்க்கையை ஒரு மலிவு டிக்கெட்டுக்காகக் கெடுத்துவிட்டேன் என்று நின்றேன்.

அப்போது பாபு முன்னால் வந்தான். "அக்கா மேல தப்பில்ல மாமா. எனுக்கு சந்தேகம் இருந்துச்சு, கேக்காம வுட்டுட்டேன்" என்றான். இதுவும் நடந்தது. நியாயமாக எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அப்பாவின் தோளுக்குப் பின்னால் அலங்காரத்தோடு நின்றிருந்த லாவண்யா எட்டிப் பார்த்தாள். மாமியாராகப் போகிறவள் கையில் இருந்த சூட்கேசைப் பார்த்தாள். அதில் தொங்கிய கப்பல் அட்டையைப் பார்த்தாள். "கப்பல்ல போய்ட்டு ரயில்ல வந்தீங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். அடக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா சிரித்தாள், பந்தல் சிரித்தது. கடைசியில் அவள் அப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்து, ஐயரைக் கூப்பிட்டு, வேறு நல்ல நேரம் பார்க்கச் சொன்னார். அரை மணியில் ஒன்று கிடைத்தது. தேடினால் கிடைக்கும், இதற்கு ஒருவழி, போகவர எல்லாம் இல்லை.

அன்று முதல் நான் எங்கே கிளம்பினாலும், கடைக்குக் கிளம்பினால்கூட, யாராவது ஒருவர் கேட்பார்கள்: "அக்கா, போசொல்ல ஏறிக்கினியா?" போகும்போது ஏறினாயா என்று. என் பிள்ளைகளும் கேட்கிறார்கள். லாவண்யாவும் கேட்கிறாள். சரோஜாகூடக் கேட்டுவிட்டாள். (அவளுக்கு யார் சொன்னது என்று அம்மா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.) கேட்கட்டும். நான் தோற்றுப்போன ஆள் இல்லை. இப்போது எங்கள் சொந்தத்தில் யார் கப்பலில் போனாலும் டிக்கெட் பார்த்துக் கொடுப்பது நான்தான். கப்பலுக்குப் பணம் கட்டும் முன் திரும்பி வரும் விமானத்தைப் பார்ப்பேன். முடிந்தால் சென்னையில் வந்து முடிகிற கப்பலாகத் தேடுவேன். எடுத்த டிக்கெட்டில் போக, வர இரண்டிலும் ஏற வைப்பேன்.

அடுத்த மாதம் பாபுவின் பையனுக்குத் திருமலையில் மொட்டை. கீழே திருப்பதியில் ஹால் பிடித்துச் சாப்பாடு. அவன் அங்கேயும் கப்பல் கதையைச் சொல்வான், தெரியும். மைக் செட்டுக்கு நானே சொல்லிவிட்டேன். அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், "அன்னிக்கு எனக்குக் காது அடைச்சுக்கினு இருந்துச்சு" என்பாள். அவன் அவளுக்கு மகன். ஆகவே அவளைக் கேட்கவில்லை. பாபு, உன்னைத்தான் கேட்கிறேன்.

அன்று ஹாலில் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், சரோஜா எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். மைக்கைப் பிடி. அந்தக் கவுன்டரில் என்னைத் தெரியாது என்று சொன்னாயா, இல்லையா? பதில் வரும் வரை பந்தியில் இலை விழாது.