பெயர் அவருடையது, படிப்பு என்னுடையது

மட்டாஞ்சேரியில் டூல்பார் சேட்டனைப்போல் வேலை தேடத் தெரிந்த ஆளும் கிடையாது. அவரைப்போல் வேலை கிடைக்காத ஆளும் கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள், இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் பஷீர் இக்காவின் இன்டர்நெட் கஃபே பக்கம் வராதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கஃபே பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே மூட்டை இறக்கினால் மேலே அத்தனை பேரும் தும்முவோம். கண்ணில் நீர் வழிய வழியத்தான் விண்ணப்பம் அனுப்புவோம். பார்ப்பவர்களுக்கு, வேலையில்லாமல் மிகவும் மனம் உடைந்த பிள்ளைகள் என்று தோன்றும்.

டூல்பார் சேட்டனுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். எங்களைப்போலவே தாத்தா காலத்தில் கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பம். ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் கிளார்க்காக இருந்தார். கம்பெனியை மூடிவிட்டார்கள். மறுநாளிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையோடு காலை பத்து மணிக்கு, ஆபீசுக்கு வருவதுபோல் கஃபேக்கு வந்து மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார ஆரம்பித்தார்.

பிரவுசரின் தலையில் டூல்பார் என்று ஒரு பட்டை ஒட்டிக்கொள்ளுமே, அது ஒன்று இருந்தால் நமக்குப் போதும். அவர் ஒன்பது வைத்திருந்தார். வளைகுடா வேலைக்கு ஒன்று, கப்பல் வேலைக்கு ஒன்று, எந்த வேலைக்கென்று அவருக்கே தெரியாமல் மூன்று. திரையில் முக்கால் பங்கு பட்டைகளுக்கே போய்விடும். மிச்சமிருக்கும் இரண்டு விரல் உயரத்தில்தான் இன்டர்நெட் தெரியும்.

"சேட்டா, ரெண்டு மூணு பட்டையைக் கழட்டுங்க. ஒண்ணும் தெரியல்லியே" என்றேன்.

"எல்லாம் ஒண்ணா தெரிஞ்சா மனசு பதறும்டா மோனே. ஒரு நேரத்துக்கு ஒரு வரி. அது போதும் கேட்டோ."

இணையப் பக்கம் மாறினால் சத்தம் போட்டுச் சொல்லும் ஒரு கருவியையும் எங்கிருந்தோ இறக்கி வைத்தார். அதற்குச் சேவல் கூவும் சத்தம் கொடுத்திருந்தார். சேவல் கூவினால் புது வேலை வந்துவிட்டது என்று பொருள். நாங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடுவோம். பெரும்பாலும் பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம்தான் மாறியிருக்கும். ஒருநாள் ஆறு பட்டதாரிகள் மூச்சிரைக்க நின்று பட்டுப்புடவைத் தள்ளுபடியை முழுவதும் வாசித்தோம். பஷீர் இக்கா, "இனி அந்தக் கோழியைக் கண்டா பிரியாணி வெச்சுருவேன்" என்று எச்சரித்தார்.

அவருடைய வித்தைகளில் பெரியது, படிவத்தைத் தானாக நிரப்பும் டூல்பார். பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் கண்ணிமைப்பதற்குள் விழுந்துவிடும்.

அவர் சாப்பிடப் போன ஒரு மதியம், வேறு கம்ப்யூட்டர் காலியில்லாததால் நான் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தேன். வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சிக்கு ஆள் வேண்டுமாம். படிவத்தைத் திறந்ததும் மேலே இருந்த பெயர், விலாசத்தையெல்லாம் டூல்பார் அவருடைய விவரங்களால் நிரப்பிவிட்டு, படிப்பைக் கேட்கும் இடத்தில் போய் நின்றது. இரண்டு விரல் ஜன்னலில் எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. படிப்பு, மார்க் எல்லாம் போட்டு அனுப்பினேன்.

நான் மட்டுமில்லை, அந்த மாதம் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்த எல்லோரும் அவர் பெயரில்தான் விண்ணப்பித்திருக்கிறோம். அவருடைய மொபைல் அடிக்க ஆரம்பித்தது. பிரசவ வார்டு நர்ஸ் வேலைக்கு ஒரு ஆஸ்பத்திரி கூப்பிட்டது. ஆண்கள் வேண்டாம் என்று அவர்களே வைத்துவிட்டார்கள். கப்பல் சமையலுக்கு இன்னொருவர் கூப்பிட்டு, மீன் மொய்லி வைக்கத் தெரியுமா என்று கேட்டார்.

மூன்றாவதாக வந்தது கப்பல் ஏஜென்சி. வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. பெயர் அவருடையதேதான். குமாஸ்தா வேலை, அவர் பத்து வருஷம் பார்த்த வேலை. பேசாமல் போயிருக்கலாம்.

அவரோ ஏஜென்சிக்காரர்கள் போனில் படித்துச் சொன்னதை எங்கள் தெருமுனையில் நின்று கத்தினார்: "பி.காம், அம்பத்திரண்டு பர்சன்ட், இங்கிலீஷ் 'சுமார்'! யாருடா அது?"

என் மார்க் அதுவரை வீட்டுக்கே தெரியாது. அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"நான்தான் சேட்டா" என்றேன்.

"ஷர்ட்டைத் தேய்ச்சு வெய். வெள்ளிக்கிழமை போகணும். நானும் வருவேன். பேரு என்னுதாச்சே!"

வெள்ளிக்கிழமை படகில் போகும்போது கேட்டேன். "சேட்டா, நீங்களே போயிருக்கலாமே?"

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு நிமிஷம் நினைச்சேன்." கொஞ்சம் கழித்து, "பொய் எதுக்கு? ஒரு ராத்திரி பூரா நினைச்சேன்" என்றார்.

ஏஜென்சியில் பெயரைக் கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனோம். அதிகாரி ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். "இதில் யார்?"

"பேரு நான் சார். படிப்பு இவன்."

டூல்பார் என்றால் என்ன என்பதில் தொடங்கி இருபது நிமிஷம் விளக்கினார். அதிகாரி சிரித்துவிட்டு என்னிடம் நாலு கேள்வி கேட்டார். ஆறு மாதம் தற்காலிகம், பிறகு பார்க்கலாம் என்றார். வெளியே வரும்போது சேட்டன் தன்னுடைய பயோடேட்டாவையும் மேஜையில் மெதுவாக வைத்தார். வயதைப் பார்த்துவிட்டு அதிகாரி அதை அப்படியே திருப்பிக் கொடுத்தார். சேட்டன் தாங்க்ஸ் சொன்னார். படகுத்துறையில் எனக்குச் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார். அவர் சாயா மட்டும் குடித்தார்.

அடுத்த வருஷம் அவருக்கும் வேலை கிடைத்தது, ஆலுவாவில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில். எந்த டூல்பாரும் சொல்லவில்லை, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னாராம். இந்த விஷயத்தை அவர் எல்லோரிடமும் மறைக்கப் பார்த்தார்.

பிறகு எல்லோர் வீட்டிலும் இன்டர்நெட் வந்து பஷீர் இக்கா கஃபேயை மூடினார். விற்பதற்குமுன் கம்ப்யூட்டர்களில் இருந்ததையெல்லாம் அழித்துத் துடைத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார். மூன்றாம் நம்பரின் பிரவுசரில் 'பி.காம்' என்று ஒரு புக்மார்க் ஃபோல்டர் இருந்தது. திறந்தால் வரிசையாக வேலை விளம்பரங்கள், எல்லாம் என் படிப்புக்கு ஏற்றவை. தேதிகளைப் பார்த்தேன். நான் ஏஜென்சியில் சேர்ந்த மறுநாள் ஆரம்பித்து, என் வேலை நிரந்தரமான அன்று நின்றிருந்தன.

சேட்டனுக்குப் போன் செய்தேன்.

"அதுவா? ஆறு மாசம்னுதானேடா அவங்க சொன்னாங்க? வேண்டாம்னு அனுப்பிட்டா நீ எங்கே போய் நிப்பே?" என்றார். லாரி வந்துவிட்டதென்று போனை வைத்துவிட்டார்.

மற்ற கம்ப்யூட்டர்களைத் துடைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நம்பரை மட்டும் பஷீர் இக்காவிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.